மேரி ஷெல்லி: கூடிப் படித்ததில் பிறந்த கதை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

திகில் கதை என்றால் யாருக்குத்தான் ஆவல் இல்லை? விளக்கணைந்த இரவில் நாலு பேர் கூடிவிட்டால் போதும். ஒருவர் தாம் படித்த பேய்க்கதை ஒன்றைத் தொடங்குவார். அடுத்தவர் அதைவிடக் கொடியதாக ஒன்றைச் சொல்வார். மூன்றாமவர் தாம் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மீதி நாளைக்கு என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். எங்கள் விடுதியிலும் மின்சாரம் போன இரவுகளில் நடப்பது இதுதான். வீண் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் இதனை ஒதுக்கலாம். ஆனால் நண்பர்கள் ஐவர் ஒரு மழைக்காலத்தில் இவ்வாறு கூடிப் பேய்க்கதை படித்ததன் பயனாக, இருநூறு ஆண்டுகள் கடந்தும் அழியாத நூல் ஒன்று உலகிற்குக் கிடைத்திருக்கிறது.

அந்நூலின் பெயர் பிராங்கன்ஸ்டைன். அதை எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு வயது பதினெட்டு. அவர் பள்ளிக்கூடப் படிப்பை மிகக் குறைவாகவே பெற்ற ஒரு பெண். அவர்தாம் மேரி ஷெல்லி அம்மையார். அறிவியல் மாணாக்கராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கல்லறையில் கற்ற எழுத்து

மேரி 1797ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தாயார் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான கல்வி வேண்டும் என்று 1792இல் நூல் எழுதி ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தவர். தந்தையார் வில்லியம் காட்வின், அரசியல் நீதி குறித்து எழுதிப் புகழ்பெற்ற சிந்தனையாளர், நாவலாசிரியருங்கூட.

இத்தகைய பெற்றோருக்குப் பிறந்தும் தாயின் மடியில் வளரும் பேறு குழந்தைக்கு வாய்க்கவில்லை. பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி முழுவதும் வெளியேறவில்லை. மருத்துவர் அதைக் கையால் எடுத்தார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவ உலகிற்கு எட்டாத காலம் அது. பிரசவ ஜன்னி கண்டு, செப்டம்பர் 10ஆம் நாள் தாயார் மறைந்தார். அப்போது குழந்தைக்குப் பதினோரு நாள்.

தாயாரை இலண்டனில் புனித பாங்கிராஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அக்கல்லில் பொறித்திருந்த பெயர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் காட்வின் என்பது. மகளுக்கு இட்ட பெயரும் அதுவே. அந்தக் கல்லெழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவியே சிறுமி மேரி தம் பெயரை எழுதக் கற்றார் என்று சொல்வார்கள். பின்னாளில் கையில் ஒரு புத்தகத்தோடு அக்கல்லறைக்குச் சென்று அமர்ந்து படிப்பது அவருடைய வழக்கமாயிற்று.

காட்வின் 1801இல் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையோடு மேரிக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆயினும் அவ்வீட்டில் புத்தகத்திற்குக் குறைவில்லை. சிறுவர் நூல்களை வெளியிட்டு விற்கும் கடை ஒன்றை அக்குடும்பத்தார் நடத்தினர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிறுவர்க்கு உரைநடையில் சொல்லும் லாம் உடன்பிறப்புகளின் நூல் 1807இல் வெளிவந்தது அங்கிருந்துதான். கவிஞர் கோல்ரிட்ஜ் அவ்வீட்டிற்கு வந்து, சாபத்திற்கு ஆளான முதிய மாலுமியைப் பற்றிய தம் பாட்டைச் சொன்னபோது, தூங்கப் போகாமல் ஒளிந்திருந்து சிறுமி மேரி கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. ஆக, அச்சந்தரும் கதையை அவர் முதன்முதல் அறிந்தது ஒருவர் சொல்ல, பலர் கூடிக் கேட்ட இடத்தில்தான்.

குறிப்பேட்டில் ஒரு பட்டியல்

மேரிக்குப் பதினாறு வயது நடந்தபோது கவிஞர் பெர்சி ஷெல்லியைச் சந்தித்தார். ஷெல்லி ஏற்கெனவே திருமணமானவர். இருந்தும் இருவரும் மனமொத்து 1814 ஜூலை 28ஆம் நாள் பிரான்சு நாட்டிற்குப் புறப்பட்டுவிட்டனர். சிற்றன்னையின் மகள் கிளேரும் உடன் சென்றார். புரட்சிக் கருத்துகளை எழுதிய காட்வினே மகளின் முகத்தில் விழிக்க மறுத்துவிட்டார். கடன்காரர்களுக்கு அஞ்சி வீடு மாறி வீடு மாறி வாழ்ந்த நாள்கள் அவை.

அந்த அல்லலிலும் ஒரு பழக்கத்தை இருவரும் கைவிடவில்லை. அன்றாடம் என்ன படித்தோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தனர். ஆண்டு முடியும்போது படித்த நூல்களின் பட்டியலை மேரி எழுதுவார். அவற்றுள் ஷெல்லியும் படித்தவை எவை என்பதற்குத் தனிக் குறி ஒன்று இடுவார். இலத்தீன் காவியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றோடு அக்காலத்தில் பெயர்பெற்ற திகில் நாவல்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஆன் ராட்கிளிஃபின் பாழடைந்த கோட்டைக் கதைகளும், மாத்யூ லூயிஸ் எழுதிய துறவி ஒருவனின் கொடுங்கதையும் அவற்றுள் அடங்கும். ஒருவர் படித்ததை மற்றவர் படிப்பது, பிறகு அதைப் பற்றிப் பேசுவது: இதுவே மேரிக்கு வாய்த்த கல்லூரி.

1815 பிப்ரவரியில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இரண்டு வாரமும் நிரம்பவில்லை. மார்ச்சு 6ஆம் நாள் அக்குழந்தை இறந்துவிட்டது. சில நாள் கழித்து ஒரு கனவு கண்டதாக மேரி தம் குறிப்பேட்டில் எழுதினார். குழந்தை சாகவில்லையாம், உடல் குளிர்ந்துதான் கிடந்ததாம், நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இறந்த உடலுக்கு உயிரூட்டும் எண்ணம் ஆய்வுக்கூடத்திலிருந்து அவருக்கு வரவில்லை, ஒரு தாயின் துயரத்திலிருந்தே வந்தது என்று நான் எண்ணுகிறேன்.

கோடை இல்லாத ஆண்டு

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. வரலாறு அறிந்த மிகப்பெரிய எரிமலை வெடிப்புகளுள் அது ஒன்று. அது கக்கிய கந்தக டை ஆக்சைடு வான்மண்டலத்தின் மேலடுக்கு வரை ஏறி, அங்கே நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறியது. அத்துளிகள் உலகைச் சுற்றிப் பரவிச் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பின. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவில் கோடை வரவில்லை. ஓயாத மழை, குளிர், பயிர்ச்சேதம், பஞ்சம். காரணம் இன்னதென்று அந்நாளில் எவருக்கும் தெரியாது.

அந்த ஆண்டு மே மாதம் மேரி, ஷெல்லி, கிளேர் மூவரும் கைக்குழந்தை வில்லியமோடு சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தனர். அருகிலிருந்த டியோடாட்டி என்னும் மாளிகையில் பைரன் பிரபு தங்கியிருந்தார். அவருடைய மருத்துவர் ஜான் பாலிடோரியும் உடனிருந்தார். படகில் போகலாம், மலையேறலாம் என்று வந்தவர்களை மழை வீட்டுக்குள் அடைத்துவிட்டது. அப்போது அவர்கள் கையில் கிடைத்தது, ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1812இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று. கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். கைவிட்ட காதலியின் ஆவியைத் தன் கைகளுக்குள் கண்ட மணமகன், தன் குலத்துப் பிள்ளைகளை முத்தமிட்டே கொல்லும் சாபம் பெற்ற முன்னோன் ஆகியோரின் கதைகளைப் பதினைந்து ஆண்டு கழித்தும் மேரி மறக்கவில்லை.

ஓர் இரவு, கோல்ரிட்ஜின் கவிதை ஒன்றைப் பைரன் நினைவிலிருந்து சொன்னார். மந்திரக்காரி ஒருத்தியைப் பற்றிய பகுதி வந்ததும் ஷெல்லி வீரிட்டலறிக்கொண்டு அறையைவிட்டு ஓடினார். பாலிடோரி அவர் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. பெருங்கவிஞரே ஆனாலும் பேய்க்கதைக்கு முன் எல்லாரும் குழந்தைகள்தாம்!

நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதினால் என்ன என்று பைரன்தான் தொடங்கி வைத்தார். பைரன் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டார். ஷெல்லியும் அப்படியே. மேரிக்கோ எதுவும் தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் மற்றவர்கள் கேட்பதும், இல்லை என்று அவர் தலைகுனிவதுமாக நாள்கள் சென்றன. வகுப்பில் விடை தெரியாமல் எழுந்து நின்றவர்களுக்கு அந்த நிலை புரியும்.

பேச்சு ஒருநாள் உயிரின் இரகசியத்தைப் பற்றித் திரும்பியது. இறந்த தவளையின் கால், மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கால்வானி என்னும் இத்தாலிய அறிஞர் 1791இல் வெளியிட்டிருந்தார். அவருடைய உறவினர் அல்தினி, 1803இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சி, அதன் தாடையும் கையும் அசைவதைப் பலர் முன்னிலையில் காட்டினார். பிணத்துக்கு உயிர் கொடுக்க முடியுமா என்று ஆண்கள் நள்ளிரவு தாண்டியும் பேசினர். மேரி கேட்டுக்கொண்டிருந்தார். படுத்தபின் உறக்கம் வரவில்லை. மூடிய கண்ணுக்குள் ஒரு காட்சி தெரிந்தது. தான் உருவாக்கிய பிணவுருவத்தின் அருகே ஒரு மாணவன் மண்டியிட்டிருக்கிறான். உருவம் அசைகிறது. அவன் அஞ்சி ஓடுகிறான். மறுநாள் காலை, கதை கிடைத்துவிட்டது என்று மேரியால் சொல்ல முடிந்தது.

சிறுகதையாகத் தொடங்கியதை விரித்தெழுதும்படி ஷெல்லி ஊக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் மேரி, ஹம்ப்ரி டேவியின் வேதியியல் நூலைப் படித்துக்கொண்டிருந்ததாகக் குறிப்பேடு காட்டுகிறது. மின்சாரத்தைக் கொண்டு 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதல் தனியே பிரித்தெடுத்தவர் டேவி. நம் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் சோடியத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம், இதே செய்தியைப் படித்த பத்தொன்பது வயது மேரி என் நினைவுக்கு வருகிறார்.

சுவருக்கு அப்பால் படித்தவன்

பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தக் கோர உருவத்தின் பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது அவனைப் படைத்த மாணவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்கு நூல் முழுவதும் பெயரே கிடையாது. விக்டர் பிராங்கன்ஸ்டைன், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயிலும் மாணவன். பிண உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் அதன் அவலட்சணத்தைக் கண்டு ஓடிவிடுகிறான்.

திரைப்படங்கள் இந்த உருவத்தை ஊமையாக, முரடனாகக் காட்டிவிட்டன. 1931இல் போரிஸ் கார்லாஃப் நடித்த படத்திற்குப் பின் அந்தத் தோற்றமே உலகில் நிலைத்துவிட்டது. மேரி எழுதியவன் வேறு. அவன் காட்டில் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். சுவரிலுள்ள சிறு பிளவின் வழியே உள்ளே வாழும் ஏழைக் குடும்பத்தைப் பார்க்கிறான். அவ்வீட்டுக்கு வந்த அயல்நாட்டுப் பெண்ணுக்கு அவ்வீட்டு இளைஞன் பிரெஞ்சு மொழி கற்பிக்கிறான். வெளியே நின்று கேட்கும் இவனும் கற்றுக்கொள்கிறான். காட்டில் கிடந்த தோல்பெட்டி ஒன்றில் இவனுக்கு மூன்று புத்தகங்கள் கிடைக்கின்றன: மில்டனின் இழந்த சொர்க்கம், புளூட்டார்க் எழுதிய சான்றோர் வரலாறு, கதேயின் வெர்தர். மூன்றும் மேரி தாமே படித்திருந்தவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் இந்தப் பகுதியை வெறும் திகில் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. பிறருக்குச் சொல்லும் பாடத்தைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டுக் கற்பது என்றால் என்ன என்பது நம் கல்லூரியில் பலருக்குத் தெரியும். மில்டனைப் படித்து அவன் அழுகிறான், வியக்கிறான். ஆதாமுக்காவது ஒரு கடவுள் இருந்தாரே என்று ஏங்குகிறான். ஆனால் படித்ததைச் சொல்ல அவனுக்கு ஒருவரும் இல்லை. துணிந்து ஒருநாள் அவ்வீட்டின் பார்வையற்ற முதியவரிடம் போய்ப் பேசுகிறான். முகத்தைப் பார்க்க முடியாத அவர் அன்போடு கேட்கிறார். அதற்குள் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், அடித்துத் துரத்துகிறார்கள். அதன் பிறகுதான் அவன் கொலைகாரன் ஆகிறான்.

விக்டரின் தம்பி, நண்பன், மனைவி என்று ஒவ்வொருவராகக் கொல்லப்படுகின்றனர். குற்றமற்ற பணிப்பெண் ஒருத்தி தூக்கில் தொங்குகிறாள். இறுதியில் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் வடதுருவப் பனிவெளியில் ஒருவரையொருவர் துரத்தி அழிகின்றனர்.

பொங்கல் விடுமுறையில் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். நாற்று நட்டுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். முழுவதும் கேட்டுவிட்டு, பெற்றவன் ஏன் ஓடினான் என்று மட்டும் கேட்டார். பிள்ளை கோரமாகப் பிறந்தால் தூக்காமல் இருப்பார்களா என்றும் கேட்டார். அறிஞர் பலர் இந்நூலுக்கு எழுதிய விளக்கங்களைச் சுருக்கினால் அம்மாவின் அந்த ஒரு கேள்விதான் மிஞ்சும் என்று தோன்றுகிறது. படைத்தது விக்டரின் பிழையாக எனக்குப் படவில்லை. படைத்ததைப் பேணாமல் விட்டதே பிழை. ஆய்வகத்தில் நிற்கும் நமக்கு மேரி அம்மையார் விட்டுச்சென்ற பாடம் இது.

பெயரில்லாமல் வந்த நூல்

நூல் எழுதப்பட்ட காலத்திலேயே மேரியின் வாழ்வில் இடிகள் விழுந்தன. 1816 அக்டோபரில் அவருடைய தாயின் மூத்த மகள் ஃபேனி தற்கொலை செய்துகொண்டார். டிசம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி ஹேரியட் நீரில் மூழ்கி இறந்து கிடந்தார். அம்மாத இறுதியில் மேரியும் ஷெல்லியும் திருமணம் செய்துகொண்டனர்.

1818 சனவரி 1ஆம் நாள் பிராங்கன்ஸ்டைன் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டவை 500 படிகள். அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையை ஷெல்லி எழுதியிருந்ததால் கதையும் அவருடையதே என்று பலர் நம்பினர். மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட்டும் அப்படியே எண்ணினார். இளம்பெண் ஒருத்தி இத்தகைய கதையை எழுதியிருக்கக் கூடும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1823இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் ஏறியது. அவ்வாண்டு அக்கதை இலண்டனில் நாடகமாக நடந்தது. நாடக விளம்பரத்தில் அந்த உருவத்தின் பெயருக்குரிய இடத்தில் வெறும் கோடு இட்டிருந்ததைக் கண்டு மேரி மகிழ்ந்தார்.

ஏரிக்கரைப் போட்டியில் விளைந்தது இந்த ஒன்று மட்டுமன்று. பைரன் பாதியில் விட்ட கதையின் கருவை எடுத்துக்கொண்டு பாலிடோரி எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை 1819இல் வெளிவந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவுக்கு அது முன்னோடி. இன்று உலகம் அறிந்த இரு பெரும் திகில் உருவங்களுக்கும் வேர் அந்த ஒரே மாளிகையின் மழைக்கால இரவுகள்தாம்.

தனித்து நின்றவர்

அந்தக் கூட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1818இல் மகள் கிளாராவும் 1819இல் மகன் வில்லியமும் இத்தாலியில் இறந்தனர். பாலிடோரி 1821இல் மறைந்தார். 1822 ஜூலை 8ஆம் நாள் ஷெல்லி சென்ற படகு புயலில் கவிழ்ந்தது. கரை ஒதுங்கிய உடலில், சட்டைப்பையில் மடித்தபடி கீட்ஸின் கவிதை நூல் ஒன்று இருந்தது. கடைசியாக அவர் படித்துக்கொண்டிருந்தது அதுதான். 1824இல் பைரனும் கிரேக்க நாட்டில் காலமானார். ஏரிக்கரையில் கதை படித்த ஐவருள் மேரியும் கிளேரும் மட்டுமே மிஞ்சினர். அப்போது மேரிக்கு இருபத்தாறு வயது.

1826இல் கடைசி மனிதன் என்ற நாவலை எழுதினார். கொள்ளைநோயால் உலகமே அழிந்து ஒருவன் மட்டும் எஞ்சுகிறான். ஊர்தோறும் நூலகங்கள் திறந்து கிடக்கின்றன. படிக்க அவன் ஒருவன்தான் இருக்கிறான். நடந்ததையெல்லாம் எழுதிவிட்டு, ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாயோடு படகேறுகிறான். எனக்குத் தெரிந்த திகில் கதைகளில் இதைவிட அச்சந்தருவது வேறில்லை. பேய் ஒன்றும் வரவில்லை. படித்ததைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆயினும் மேரி அம்மையார் சோர்ந்துவிடவில்லை. எஞ்சிய ஒரே பிள்ளையான பெர்சி ஃபுளோரன்சை எழுத்து வருவாயைக் கொண்டும், மாமனார் கொடுத்த சொற்பத் தொகையைக் கொண்டும் வளர்த்தார். செலவைக் குறைக்கப் பள்ளி இருந்த ஊருக்கே குடிபெயர்ந்து அவனைப் படிக்க வைத்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பினார். கலைக்களஞ்சிய வரிசை ஒன்றுக்கு இத்தாலிய, ஸ்பானிய, பிரெஞ்சு எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். சிதறிக் கிடந்த கணவரின் கவிதைகளைத் தொகுத்து, குறிப்பெழுதி 1839இல் வெளியிட்டார். ஷெல்லியை இன்று உலகம் படிக்க முடிவதற்கு மேரியின் உழைப்பும் ஒரு பெருங்காரணம்.

1851 பிப்ரவரி 1ஆம் நாள், தமது 53ஆம் வயதில் அம்மையார் இலண்டனில் மறைந்தார். போர்ன்மத் நகரில் அவரை அடக்கம் செய்தபோது, பாங்கிராசிலிருந்து தாய் தந்தையரின் எச்சங்களையும் கொண்டுவந்து உடன் வைத்தனர். பதினோரு நாள் மட்டுமே கூட இருந்த தாயும் மகளும் அங்கே ஒன்றாக உறங்குகின்றனர்.

அன்புத் தோழர்களே! மேரிக்கு அமைந்தது படித்ததைப் பேசும் ஒரு வீடு. அவர் படைத்தவனுக்கு அமைந்தது ஒரு சுவர்ப் பிளவு. முன்னது ஒரு நூலைத் தந்தது. பின்னது ஒரு கொலைகாரனைத் தந்தது. நம் வீடுகளில் புத்தகம் பற்றிப் பேச ஆள் இல்லாமல் இருக்கலாம். நம் கல்லூரியில் ஆயிரம் பேர் இருக்கிறோம். திகில் கதையோ துப்பறியும் கதையோ, கையில் இருக்கும் புத்தகம் எதுவானாலும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் படிப்பது என்ன என்றும் கேளுங்கள். கொட்டிலில் தனியே நின்று யாரும் படிக்க வேண்டிய நிலை நம்மிடையே வேண்டாம்.